எங்கள் 18 நிமிடக் குறும்படத்துக்கு எந்தச் சான்றிதழ் கேட்பது? யுவா, யுஏவா, ஏவா?

பின்வரிசைக்காரன்

வணக்கம். விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து 18 நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். எடிட் பாதியில் நிற்கிறது. படத்தோடு ஒப்படைக்க வேண்டிய ரெக்கார்டில் ஒரு கேள்வி: ‘உங்கள் படம் தணிக்கைக்குப் போனால் எந்தச் சான்றிதழ் கேட்பீர்கள், ஏன்? இரண்டு பக்கம் எழுதுக.’ மொத்தம் 10 மார்க். இந்த 10 மார்க்குக்காக மூன்று நாளாகக் குழுவுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை.

கதை இதுதான். மதுரைப் பக்கம் ஒரு வீடு. அப்பா குடிப்பவர். தினமும் சாயங்காலம் 11 வயதுப் பையன் டாஸ்மாக் வாசலில் நின்று, போகிற வருகிற பெரியவர்களைக் கெஞ்சி அப்பாவுக்குப் பாட்டில் வாங்கிவர வேண்டும். ஒரு நாள் வாங்காமலேயே திரும்பி வந்துவிடுகிறான். அன்றிரவு அந்த வீட்டில் நடப்பதுதான் படம்.

பிரச்சினை வரக்கூடிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குடிப்பது நான்கு காட்சி. அம்மாவை ஒரு முறை அறைகிறார். கெட்ட வார்த்தை அப்பா இரண்டு முறை, பையன் ஒரு முறை. கடைசிக்கு முந்தைய காட்சியில் அம்மா உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறாள், பையன் பார்த்துத் தடுத்துவிடுகிறான். ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை.

கேமரா பிடித்தவன் ‘ஏ போடுடா, அதுதான் கெத்து’ என்கிறான். அம்மாவாக நடித்த தோழி ‘யு இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் பார்க்க வரமாட்டார்கள்’ என்கிறாள். நான் நடுவில் யுஏ என்றேன். அதுவும் இப்போது மூன்றாகப் பிரிந்துவிட்டதாமே? யாராவது விளக்குங்கள்.

வெட்டுக்கத்தரி

தம்பி, பிரிந்தது உண்மை. 1952 சினிமாட்டோகிராப் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள், விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. இப்போதைய வரிசை இது: எல்லாரும் பார்க்கக்கூடிய யு, பிறகு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ. மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினர் மட்டும் பார்க்க எஸ் என்று ஒன்று உண்டு. நான் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து பதினைந்து வருடம் ஆகிறது, இதுவரை எஸ் வாங்கிய படம் ஒன்றுகூட என் கையில் வந்ததில்லை.

பலரும் தவறாக நினைத்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இந்த வரிசையில் ஏ மட்டும்தான் கதவை அடைக்கும். 18 வயது ஆகாதவரை அப்பா அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாலும் உள்ளே விடக்கூடாது. யுஏ மூன்றும் பெற்றோருக்குச் சொல்லும் குறிப்பு. ‘உன் பிள்ளை 13ஐத் தாண்டவில்லையா, யோசித்துக் கூட்டி வா’ என்கிற அளவுதான். 10 வயதுப் பையனை யுஏ 16+ படத்துக்கு அப்பா அழைத்து வந்தால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க வேண்டியதில்லை.

அதனால் உன் கேமராமேனிடம் கேள்: ஏ வாங்கினால் படத்தில் நடித்த அந்தப் பையன் தான் நடித்த படத்தைத் தியேட்டரில் பார்க்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். இதில் என்ன கெத்து?

வாய்தா

கட்சிக்காரர் அவசரப்படுகிறார். முதல் கேள்வியே வேறு. உங்களுக்குச் சான்றிதழ் தேவையா?

சட்டம் பேசுவது பொதுமக்களுக்குத் திரையிடுவதைப் பற்றி. வகுப்பில் ஆசிரியருக்கும் சக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டுவதற்கு யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. திரைப்பட விழாவுக்கு அனுப்பினால், சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிட விழாக்காரர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்பார்கள். சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்குத்தான். பெரும்பாலும் கிடைத்துவிடும், எப்போதும் அல்ல. 2017இல் கேரளாவில் நடந்த ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டுப் பெரிய பேச்சானது.

யூடியூப், சான்றிதழ் தரும் தணிக்கை வாரியத்தின் கணக்கில் வராது. ஓடிடி தளங்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். அங்கே தளமே தன் படத்துக்கு வயது போட்டுக்கொள்ள வேண்டும்: யு, 7+, 13+, 16+, ஏ. தியேட்டரின் யுஏ இப்படிப் பிரிவதற்கு முன்னாலேயே ஓடிடியில் பிரிந்துவிட்டது. உங்களைப் போல யூடியூபில் ஏற்றுகிறவருக்கு அந்தத் தளத்தின் சொந்த விதிகள். அங்கே 18க்கு மேல் என்று பூட்டும் வசதி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, உங்கள் 10 மார்க் கேள்வி கற்பனைக் கேள்வி. அதனால் கேவலமான கேள்வி என்று சொல்லவில்லை. நாளைக்குப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோனால் இதே கேள்வி காசோடு வரும்.

இன்னொன்று. மாணவர் குறும்படங்களில் முதல் ஐந்து நொடி ஒரு சான்றிதழ் அட்டையைப் போடும் பழக்கம் இருக்கிறது. கூகுளில் எடுத்து, பெயரை மாற்றி, முத்திரையோடு. தயவுசெய்து வேண்டாம். வராத சான்றிதழை வந்ததாகக் காட்டுவது விளையாட்டு இல்லை.

பின்வரிசைக்காரன்

அண்ணா... அந்த அட்டையைத்தான் முதலில் தயார் செய்தோம். படம் எடுப்பதற்கு முன்பே. இன்று அழித்துவிடுகிறேன்.

வாய்தா

யாருக்கும் தெரியாது. நாங்களும் பார்க்கவில்லை.

தகரப்பெட்டி

தம்பிகள் பேசுவதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தவன். ரீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்சாருக்கு அலைந்த காலம் தொட்டுத் தெரியும். ‘சென்சார்’ என்றுதான் இன்றும் சொல்கிறோம். 1983லேயே வாரியத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் பெயரிலேயே தணிக்கை, அதற்குப் பிறகு சான்றளிப்பு. யு/ஏ என்ற நடுத்தரமும் அந்த ஆண்டு வந்ததுதான். அதுவரை யு அல்லது ஏ, இரண்டே கதவு.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். இப்போது விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். நாடு முழுக்க ஒன்பது மண்டல அலுவலகம், நம்முடையது சென்னை. முழுநீளப் படம் என்றால் ஆலோசனைக் குழுவிலிருந்து சிலர், கூடவே வாரியத்தின் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். குறும்படம் என்றால் ஆள் குறைவு. படம் ஓடும்போது நாம் வெளியே. அந்த இரண்டரை மணி நேரம் எத்தனை டீ குடித்தோம் என்று கணக்கே கிடையாது. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் நிம்மதி. ஒன்றுமே கேட்காவிட்டால் இயக்குநர் முகம் வெளுத்துவிடும்.

முடிந்ததும் கூப்பிடுவார்கள். ‘இந்த இடத்தை எடுத்தால் யு, அப்படியே விட்டால் யு/ஏ, உங்கள் விருப்பம்’ என்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுஆய்வுக் குழு. அங்கும் சரிவரவில்லை என்றால் முன்பு டெல்லியில் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. உன் தோழி ‘யு வேண்டும்’ என்று அடம்பிடிக்கிறாளே, அந்த அடம் தமிழ் சினிமாவுக்கே ஒரு காலத்தில் இருந்தது. காரணம் குடும்பம் மட்டும் அல்ல. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: யு சான்றிதழ் இருக்க வேண்டும். அவ்வளவுதான், அடுத்த ஆறு வருடம் எங்கள் வேலையே யு வாங்குவது என்றாகிவிட்டது. அரிவாள் வெட்டு இருக்கும், தலை உருளுவது மட்டும் இருக்காது. வசனத்தில் பத்து இடம் மியூட் ஆகியிருக்கும். அப்படித் தேய்த்துத் தேய்த்து ஒரு யு. கைக்குழந்தையோடு யு படத்துக்குப் போய், இடைவேளைக்குள் எழுந்து வந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்கின் கதை முடிந்தது. அதன் பிறகுதான் யு/ஏ வாங்கினால் தயாரிப்பாளருக்குக் காய்ச்சல் வருவது குறைந்தது. டிவி உரிமை என்ற கவலை மட்டும் மிச்சம். ஏ படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, அதற்குத் தகுந்த மாதிரி வெட்டி வேறு சான்றிதழ் வாங்க வேண்டும்.

உனக்கு வரியும் இல்லை, டிவியும் இல்லை. நீ உண்மையைச் சொல்லலாம். அந்த வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

வெட்டுக்கத்தரி

ஐயா சொன்ன ‘தேய்த்து வாங்கிய யு’ என்பதை நானும் என் கையால் செய்திருக்கிறேன். ஒரு வசனத்தை மியூட் செய்தால் சத்தம் போகும், உதடு போகாது. தியேட்டரில் முன்வரிசைப் பையன்கள் அந்த வார்த்தையை ஒருமித்த குரலில் நிரப்புவார்கள். பீப் போட்டால் இன்னும் மோசம், எங்கே கவனிக்க வேண்டும் என்று மணி அடித்துச் சொன்ன மாதிரி.

தம்பி, உன் படத்தில் கெட்ட வார்த்தை மூன்று என்றாய். அப்பா சொல்லும் இரண்டும் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பையன் சொல்லும் ஒன்றுதான் உறுத்துகிறது. யாரிடம், எப்போது சொல்கிறான்?

பின்வரிசைக்காரன்

அண்ணா, பக்கத்து வீட்டுப் பையன் ‘உங்கப்பன் இன்னும் தெளியலையா’ என்று கேலி செய்யும்போது, அப்பா சொல்லும் அதே வார்த்தையை இவன் சொல்கிறான். அப்பாவிடமிருந்து அது இவனுக்கு ஒட்டிக்கொண்டது என்று காட்டத்தான். எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வெட்டுக்கத்தரி

சரி, அப்படியானால் அதை வெட்டாதே. வெட்டினால் படத்தின் நரம்பு போய்விடும். அதற்கான வயதை ஏற்றுக்கொள். யு என்ற கனவை இன்றே விட்டுவிடு. என் கணக்கில் நீ 16+.

டீச்சரம்மா

நான் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். சினிமா பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் 13 வயது பற்றித் தெரியும்.

16+ என்று வெட்டுக்கத்தரி தம்பி சட்டென்று சொல்லிவிட்டார். என் வகுப்பில் 38 பிள்ளைகள். அதில் இந்தக் கதை வீட்டிலேயே நடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்கு விரல் விட்டுச் சொல்ல முடியும். திங்கட்கிழமை காலையில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்கள் தினமும் பார்ப்பதைத் திரையில் பார்க்க மட்டும் 16 ஆகவேண்டும் என்றால் எனக்கு அது விசித்திரமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் படம் போய்ச் சேர வேண்டும். ‘நம் வீடு மட்டும் இப்படி இல்லை’ என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி, தம்பி. அம்மா சாகப் போகும் காட்சியில் என்ன காட்டுகிறீர்கள்? எவ்வளவு நேரம்?

பின்வரிசைக்காரன்

டீச்சர், அந்தக் காட்சி மொத்தம் 50 நொடி. அம்மா சமையலறையில் தனியாக உட்கார்ந்து... அவள் என்ன எடுக்கிறாள், என்ன செய்கிறாள் என்பது க்ளோஸ்-அப்பில் மூன்று ஷாட். பொருளின் பெயர்கூடத் தெரியும். நிஜமாக இருக்க வேண்டும் என்று அப்படி எடுத்தோம். கேமராமேன் அந்த மூன்று ஷாட்டுக்கு ஒரு நாள் முழுக்க லைட் போட்டான்.

டீச்சரம்மா

அந்த மூன்று ஷாட்தான் எனக்குப் பயம். மற்ற எதுவும் இல்லை. அடி, குடி, திட்டு எல்லாம் பிள்ளைகள் பார்த்தது. இது மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சிங்கைவாசி

டீச்சர் விரல் வைத்த இடம் சரியான இடம். வெளியூர்க் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று ஆறு படி. பிஜி13 வரைக்கும் அறிவுரை. என்சி16இலிருந்து வாசலிலேயே வயதைப் பார்ப்பார்கள், பெற்றோர் கூட இருந்தாலும் கிடையாது. பிரிட்டனில் 12ஏ என்று ஒன்று 2002இல் வந்தது. 12க்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவரோடு வந்தால் உள்ளே போகலாம். அதற்கு மேலே 15, 18 இரண்டும் கதவடைப்பு. அமெரிக்காவில் ஆர் என்றால்கூட 17 ஆகாத பிள்ளை பெற்றோரோடு போகலாம், என்சி-17தான் கதவடைப்பு. ஆக, எண்ணை மட்டும் வைத்து ஒரு நாட்டின் வகையை இன்னொரு நாட்டின் வகையோடு ஒப்பிட்டால் தப்பாகும். நம் ஊர் 16+, இங்குள்ள என்சி16 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்று அறிவுரை, ஒன்று பூட்டு.

பிரிட்டன் வாரியம் கெட்ட வார்த்தையையும் வன்முறையையும் பார்ப்பது போலவே இன்னொன்றையும் தனியாகப் பார்க்கிறது: பார்த்துப் பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடியது எது? கத்திச் சண்டையைவிட, வீட்டிலேயே கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யும் ஆபத்து அவர்களை அதிகம் யோசிக்க வைக்கும். தற்கொலை என்ற விஷயத்துக்காகப் படத்தை ஒதுக்கமாட்டார்கள். வழிமுறை எவ்வளவு விவரமாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

வாய்தா

நம் ஊரிலும் அது எழுத்தில் இருக்கிறது. ஓடிடிக்கான 2021 விதிகளின் இணைப்பைப் படித்துப் பாருங்கள். பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய நடத்தை என்று தனித் தலைப்பு உண்டு. தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது இவற்றைப் பிள்ளைகள் பின்பற்றக்கூடிய வகையில் காட்டினால் வயதை உயர்த்த வேண்டும் என்கிறது. குடியையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். மது, புகை, போதை கதையின் கருவாக இருந்தால் அதற்கேற்ற வயது. கூடவே, எதையும் சூழலோடு, தொனியோடு, யாருக்கான படம் என்பதோடு சேர்த்துப் பார் என்றும் சொல்கிறது. தியேட்டர் படங்களுக்கான 1991 வழிகாட்டு நெறிகளும் படத்தை முழுமையாக எடுத்து அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தைப் பார்க்கவே சொல்கின்றன. நடைமுறையில் எப்போதும் அப்படி நடக்கிறதா என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுத்தால் இரவு தூக்கம் போய்விடும்.

உன் ரெக்கார்டுக்கு ஒரு வழக்கு தருகிறேன், எழுதிக்கொள். கே.ஏ.அப்பாஸ் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1970. அதுவும் குறும்படம்தான், 16 நிமிடம், உன்னுடையதைவிடச் சின்னது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி என்று நான்கு நகரங்களில் பணக்காரர் வாழ்வையும் ஏழைகள் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஆவணப்படம். பம்பாயின் பாலியல் தொழில் நடக்கும் தெரு கொஞ்ச நேரம் வரும். வாரியம் ஏ என்றது. அப்பாஸ் யுதான் வேண்டும் என்றார். மேல்முறையீட்டில் அரசு, அந்தத் தெருக் காட்சிகளை வெட்டினால் யு தருகிறோம் என்றது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து வெட்டு இல்லாமல் யு தர ஒப்புக்கொண்டது. அவர் விடவில்லை, முன்தணிக்கை என்பதே சரியா என்று கேட்டார்.

அதில் அவர் தோற்றார், முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பு. ஆனால் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா அதே தீர்ப்பில், பாலியல் வன்கொடுமை, தொழுநோய், ஒழுக்கக்கேடு இவை படத்தில் இருப்பதற்காகக் கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது, எடுத்தவர் அந்த விஷயத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். உன் கேள்விக்கு ஐம்பது வருடம் முன்பே வந்த பதில் அது. குடி இருக்கிறது, அடி இருக்கிறது என்று பட்டியல் போட்டாயே, அந்தப் பட்டியலால் வயது தீராது. உன் அப்பா பாத்திரத்தின் நான்கு குடிக் காட்சிகளும் குடிப்பதை ஜாலியாகக் காட்டுகின்றனவா? இல்லை. அதே நான்கு காட்சியைப் பாட்டு போட்டு, நண்பர்களோடு டான்ஸ் ஆடி எடுத்திருந்தால் கணக்கு வேறு.

வெட்டுக்கத்தரி

ஒப்புக்கொள்கிறேன், 16+ என்றது அவசரம். அந்த மூன்று ஷாட் இருந்தால் 16+, ஒருவேளை அதற்கும் மேலே. இல்லாவிட்டால் 13+ என்று வாதாட முடியும்.

எடிட் யோசனை ஒன்று. சமையலறை வாசலில் பையன் நிற்கும் ஷாட் எடுத்திருப்பாய், அவன் முகம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவன் முகத்தில் மட்டும் ஓட்டு. பாத்திரம் கீழே விழும் சத்தம். அடுத்து அவன் ஓடுவது. 50 நொடி 20 நொடியாகும். என்ன பொருள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம், தெரிந்துகொள்ளாமலே புரியும். வயதுக்காகச் சொல்லவில்லை, எடிட்டராகவும் இதைத்தான் சொல்வேன்.

பின்வரிசைக்காரன்

முகம் எடுத்திருக்கிறோம், ஆனால் மூன்று நொடிதான். இன்னொரு முறை எடுக்க வேண்டும். கேமராமேன் என்னைக் கொன்றுவிடுவான்.

சிங்கைவாசி

லைட் போட்ட உழைப்பெல்லாம் வீண் என்று அழுவான். ஒரு நாள் உழைப்பைக் குப்பையில் போடாதவன் கேமராமேன் ஆவதில்லை என்று சொல்லு.

டீச்சரம்மா

அப்படிச் செய்தால் நான் என் வகுப்புக்குப் போட்டுக் காட்டத் தயார். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, முதலில் நான் பார்த்துவிட்டுத்தான். படம் முடிந்த பிறகு பேச அரை மணி நேரமும் வேண்டும், அது இல்லாமல் போடமாட்டேன்.

இன்னொன்று, தம்பி. கடைசியில் உதவி எண்ணைப் போடுங்கள். 104 மாநில எண், 14416 மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். நொடியில் மறைந்துவிடாமல், ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிற்கட்டும்.

தகரப்பெட்டி

டீச்சர் போல ஒருவர் அந்தக் காலத்தில் எங்கள் படத்தைப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

தம்பி, வேறு சில சில்லறை விஷயங்கள். அப்பா பீடி, சிகரெட் பிடிக்கிறாரா? பிடித்தால் தியேட்டர் படத்துக்குத் தொடக்கத்திலும் நடுவிலும் சுகாதாரப் படம் போட வேண்டும், பிடிக்கும் காட்சியில் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். உன் 18 நிமிடப் படத்தில் அதற்கே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். தேவை இல்லையென்றால் கையிலிருந்து பிடுங்கிவிடு.

படத்தில் ஆடு மாடு ஏதாவது நடித்திருக்கிறதா? சிரிக்காதே. விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சாரில் நிற்கும் படங்கள் ஏராளம். நாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு போனதற்குப் பதினைந்து நாள் அலைந்தேன்.

11 வயதுப் பையனை எத்தனை மணி நேரம் நிற்க வைத்தீர்கள்? காசு கொடுத்து எடுக்கும் படங்களில் குழந்தை நடிகருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, கலெக்டர் அனுமதி என்றெல்லாம் விதி உண்டு. உனக்கு அனுமதி வேண்டுமோ இல்லையோ, மணிக்கணக்கை மட்டும் மதி. அடுத்த ஷூட்டிங்கிலும் அவன்தானே நடிக்கப் போகிறான்.

பின்வரிசைக்காரன்

ஐயா, சிகரெட் இல்லை. பையன் எங்கள் எடிட்டரின் அக்கா மகன், அவனுக்குச் சாக்லேட்டும் ஓய்வும் ஏராளம். ஆனால் முதல் காட்சியில் ஒரு சேவல் குறுக்கே ஓடுகிறது. நாங்கள் விடவில்லை, தானாக வந்தது. ஷாட் நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டோம்.

தகரப்பெட்டி

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பின்வரிசைக்காரன்

மூன்று நாள் கழித்து வருகிறேன். குழுவில் மறுபடி பேசினோம், எல்லாரும் பேசிக்கொள்கிறோம் என்பதே முன்னேற்றம். இந்த இழையைக் கேமராமேனுக்கு அனுப்பினேன். அரை நாள் பதில் இல்லை. அப்புறம் ‘முகத்துக்கு விளக்கு ஒன்று போதும், பக்கவாட்டில்’ என்று மட்டும் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுக்கிறோம்.

ரெக்கார்டில் எழுதியதன் முதல் பகுதியை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்:

‘எங்கள் படத்துக்கு யுஏ 13+ கேட்கிறோம். குடியும் வீட்டு வன்முறையும் கதையின் கரு. குடிப்பதை எங்கும் கொண்டாட்டமாகக் காட்டவில்லை. அடிக்கும் காட்சி ஒன்றே ஒன்று, அதில் கதவுக்கு வெளியே நிற்கும் பையனைத்தான் பார்க்கிறோம். வசைச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. மகன் சொல்லும் இடத்தை நீக்கச் சொன்னால் நாங்கள் நீக்கமாட்டோம், 16+ ஏற்றுக்கொள்வோம். தற்கொலை முயற்சியில் முறை எதுவும் தெரியாதபடி காட்சியை மாற்றியிருக்கிறோம். இந்த மாற்றத்தைச் சான்றிதழுக்காகச் செய்யவில்லை. எங்கள் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் 13 வயதுப் பிள்ளைகள் என்பதைப் படம் எடுத்து முடித்த பிறகுதான் கண்டுகொண்டோம், அதனால் செய்தோம்.’

வாய்தா

‘நீக்கமாட்டோம்’ என்பதை ‘நீக்க விரும்பவில்லை’ என்று மாற்று. குழுவிடம் பேசும்போது அடக்கம் காசு கேட்காது. மற்றபடி வாதம் நிற்கும். அப்பாஸ் வழக்கை எங்கே காணோம்?

பின்வரிசைக்காரன்

இரண்டாம் பக்கத்தில், அண்ணா. 16 நிமிடம் என்பதை அடிக்கோடிட்டு.

டீச்சரம்மா

‘படம் எடுத்து முடித்த பிறகுதான்’ என்ற வரியை எடுக்காதீர்கள். உங்கள் ஆசிரியர் மார்க் குறைத்தாலும் பரவாயில்லை.

வெட்டுக்கத்தரி

புது எடிட்டை லிங்க் அனுப்பு, பார்க்கிறேன். சத்தத்தில் கவனம் வை. பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் போதும், அதன் மேல் வயலின் போட்டுவிடாதே.

தகரப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேவலைப் பக்கத்து வீட்டில் கட்டிப்போடச் சொல்.

பின்வரிசைக்காரன்

கட்ட முடியாது ஐயா. சென்ற வாரமே குழம்பாகிவிட்டதாம். முதல் காட்சியில் ஓடுவதுதான் அதன் கடைசிப் படம்.